ஒன்பதா, நாற்பத்தைந்தா?

துப்பாக்கியை நான் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிஸ்டலைத் தேடிப் போலீஸ் வந்த ஒரே வீடு என்னுடையதுதான். குற்றம் முழுக்க என் தொண்டையுடையது. (எதிர் மலையில் பால் வெட்டுகிறவர்களுக்கும் கேட்கும் தொண்டை.)

கரவனெல்லைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் நானும் பால் வெட்டுகிறவள்தான். என் வீட்டுக்காரர் கத்தாரில் ஒரு கிடங்குக்குக் காவல். அவர் போன இரண்டாம் வருடம், மேல் லயத்தில் யாரோ பட்டப்பகலில் கதவை உடைத்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஓடி வரலாமென்றால் லீவு கிடையாது. அதனால் தினமும் சாயங்காலம் போனில் எனக்குத் துப்பாக்கிப் பாடம். கூட வேலை செய்த ஒரு பழைய பட்டாளத்துக்காரர் அவருக்கு வாத்தியார்.

"சின்னத் தோட்டான்னா கைய உதறாது புள்ள. சட்டுன்னு அடுத்தது சுடலாம். பெருசு பெரிய ஓட்டை போடும், ஆனா உன் கைக்கு அடங்காது. தோட்டாவும் கொஞ்சந்தான் பிடிக்கும்."

"அந்த ஒம்பது மில்லிமீட்டர் ஆள நிறுத்துமாங்க? எனக்கு அந்தப் பெருசு, நாப்பத்தஞ்சே இருக்கட்டும். வெட்டுக்கத்தி பிடிக்கிற கைதானே!"

நாளைக்கே வாங்கப் போகிறவள் மாதிரி பேசுவேன். பேச்சு முடிந்தால் போனை வைத்துவிடுவாரே! அவர் சின்னது என்றால் நான் பெரியது என்பேன். அவர் இறங்கி வந்தால் நான் சின்னதுக்கு மாறிவிடுவேன்.

பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் எங்களுக்கும் நடுவே வெறும் பலகைதான். அங்கிருந்த ராசாத்தி அக்கா பயந்துபோய் யாரிடமோ சொல்ல, ஒரு ஞாயிறு காலை வாசலில் ஜீப் வந்து நின்றது. சார்ஜன்ட் இறங்கினார்.

"கோ பிஸ்தோலே?" என்றார். எங்கே பிஸ்டல் என்கிறார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அன்று வரவில்லை. தமிழும் வரவில்லை.

பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய பொட்டலம் ஒன்று அகப்பட்டது. லயமே எட்டிப் பார்க்க, அவர் பதனமாகப் பிரித்தார். உள்ளே என் வீட்டுக்காரரின் நீலச் சட்டை. புறப்பட்ட அன்று கழற்றிப் போட்டது. வாசம் போய்விடும் என்று துவைக்காமல் வைத்திருந்தேன். சார்ஜன்ட் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். அதற்குப் பதில் பிஸ்டலே கிடைத்திருக்கலாம் என்றிருந்தது எனக்கு.

"புருசனுக்குப் போன் போடுங்க" என்றார் தமிழில்.

வீடியோவில் முகம் தெரிவதற்குள் குரல் வந்துவிட்டது: "புள்ள, நீ சொன்னதுதான் சரி. நாப்பத்தஞ்சே வாங்கிரலாம்!"

எதிரே போலீஸ் தொப்பியைக் கண்டதும் அவருக்கு முகம் செத்துவிட்டது.

"ஐயா, அது சும்மா பேச்சுங்க. என்கிட்டயே ஒரு விசில்தான் இருக்கு. அவ அங்க தனியா இருக்கா. நான் வேற என்னத்தச் சொல்றது?"

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினார். "சின்னது, பெருசு, ரெண்டும் ஒண்ணுதான். ஆள் மேல படணும். படாட்டி சத்தம் மட்டும்தான்." பிறகு போன் பக்கம் குனிந்து, "துவக்கு, துப்பாக்கி ஒண்ணும் வேணாம். நீங்க ஊருக்கு வாங்க" என்றார்.

அதோடு போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை சாதிக்கிறார்.

அதற்குப் பிறகு அவருடைய ஒப்பந்தம் இரண்டு தடவை நீண்டுவிட்டது. தோட்டத்துப் பாதையில் என்னைக் கண்டால் சார்ஜன்ட் ஜீப்பை நிறுத்தி, "ஆவாத?" என்பார், வந்துவிட்டாரா என்று. "தாம நே" என்பேன், இன்னும் இல்லை என்று. இது லயம் முழுக்கப் பரவிவிட்டது. பஸ் பிந்தினாலும், மழை பிந்தினாலும், ஒருவர் "ஆவாத?" என்று கேட்க, மற்றவர்கள் "தாம நே!" என்று கத்துகிறார்கள். நானும் சேர்ந்து கத்திச் சிரிக்கிறேன்.

போனில் சொன்னால் அவர் மட்டும் சிரிப்பதில்லை.