முட்டுக்குள் ஒரு சிலுவை

"வாசல்ல மரியஜான் அண்ணன் நிக்காரு. உள்ள வரச் சொல்லட்டா?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

கட்டிலில் கால் நீட்டிக் கிடந்த சிலுவைதாசன் தலையைத் தூக்கினான். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவனுடைய இடது முழங்கால் முட்டு உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இப்போது காதும் கோளாறாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது.

"எந்த மரியஜான்?"

"நமக்கு எத்தனை மரியஜான் உண்டு?"

ஒரே ஒரு மரியஜான்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பந்து விளையாட்டில் இவன் இடது ஓரம், அவன் வலது ஓரம். இனயம் கடற்கரையில் ஒருத்தனைத் தேடினால் இன்னொருத்தன் பக்கத்தில் இருப்பான். அந்த மரியஜான் இந்த வீட்டுப் படி ஏறிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சிலுவைதாசனின் அப்பா இறந்தபோது மரியஜான் ஆழ்கடலில் விசைப்படகில் இருந்தான். கரை ஏறிச் செய்தி கேட்டு ஓடி வந்தது ஒன்பதாம் நாள். "இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினான் சிலுவைதாசன். நடுக்கடலில் கிடந்தவனுக்கு யார் நீந்திப் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்பது மறுநாளே அவன் புத்தியில் பட்டது. ஆனால் சாத்திய கதவை யார் முதலில் திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது.

இப்போது மரியஜான் வந்து நிற்பதற்குக் காரணம் முட்டுதான்.

முந்தின நாள் ஊர்த் திருவிழாவில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கான பந்து விளையாட்டு. வடக்குத் தெருவுக்குச் சிலுவைதாசன், தெற்குத் தெருவுக்கு மரியஜான். பந்து காலுக்கு வந்ததும் நாற்பத்தேழு வயதுச் சிலுவைதாசனுக்குப் பதினேழு வயது திரும்பிவிட்டது. இடது காலை ஊன்றி வலது பக்கம் வெடுக்கென்று திரும்பினான். முட்டுக்குள் கயிறு அறுந்ததுபோல 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி வானத்தைப் பார்த்துக் கிடந்தான்.

யாரும் அவனைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரே ஆள் மரியஜான். அவனும் இரண்டு கை தூரத்தில் நின்றான்.

மைதானம் அமைதியானது. மதில்மேல் பெண்கள் கூட்டம், அதில் ஞானசெல்வி. ஊரில் பாதிப் பேருக்கு அவுட்போர்டு இன்ஜின் பழுது பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக், சும்மா நின்ற இடத்தில் தானே சுருண்டு விழுந்தான் என்று நாளைக்குக் கடற்கரை பூராவும் சிரிக்கும். சிலுவைதாசனின் வாய் அவனைக் கேட்காமலே கத்தியது:

"சவுட்டிட்டான்!"

மரியஜான் உதைத்துவிட்டான் என்று நடுவர் விசில் அடித்தார். மரியஜான் தன் காலையும் கீழே கிடந்தவனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

இப்போது அதே மரியஜான் கையில் எண்ணெய்க் குப்பியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மக்கா, சவுட்டுனவன் நான். நீ எழும்பி நடக்கிய வரைக்கும் நான்தான் பாக்கணும்."

'நீ என்னைத் தொடவே இல்ல மக்கா.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சிலுவைதாசன் வாயைத் திறந்தான். அதற்குள் ஞானசெல்வி இரண்டு கிளாஸில் சாயா கொண்டுவந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. சிலுவைதாசன் திறந்த வாயால் சாயாவைக் குடித்தான்.

மறுநாள் மரியஜான் ஒரு வைத்தியரை அழைத்து வந்தான். அவர் சூடான எண்ணெய் ஊற்றி, முட்டில் அழுத்திப் பிசைந்து, காலை ஒருமுறை இழுத்தார். சிலுவைதாசன் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தன. "நீரு இறங்கிரும்," என்றார் வைத்தியர். அது இறங்கவில்லை, கணுக்கால்வரை பரவியது.

"எனக்க தப்புதான்," என்று தலையில் அடித்துக்கொண்ட மரியஜான், ஒரு கார் பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "முட்டுக்குள்ள ரெண்டு நார் சிலுவை மாதிரி குறுக்கா இருக்கும். எலும்பு நழுவாமப் பிடிச்சுக்கிறது அதுதான். அதுல முன்னால உள்ளது அறுந்துபோச்சு."

"சிலுவையா?" என்றாள் ஞானசெல்வி. அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"எப்படி ஆச்சு? யாராவது இடிச்சாங்களா?" என்றார் டாக்டர்.

"நான்தான் டாக்டர் சவுட்டுனேன்," என்று முந்திக்கொண்டான் மரியஜான்.

"எங்க?"

"முட்டுலதான்."

டாக்டர் முட்டின் நாலு பக்கமும் பார்த்தார். "அடிபட்ட தடமே இல்லியே. பாதிக்கு மேல இது யாரும் தொடாமலேதான் வரும். காலை ஊன்றி டக்குன்னு திரும்பினாலே போதும்."

சிலுவைதாசன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். டாக்டரே வழி திறந்துவிட்டார். இனிச் சொல்லிவிடலாம்.

"இல்ல டாக்டர்," என்றான் மரியஜான் அழுத்தமாக. "நல்ல சவுட்டு. எனக்க காலு, எனக்குத் தெரியாதா?"

டாக்டர் மேலே கேட்கவில்லை. எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, முதலில் வீக்கம் வற்றட்டும், தொடைத் தசைக்குப் பலம் வரட்டும், அதற்குப் பிறகும் முட்டு நழுவினால் யோசிக்கலாம் என்று சொல்லி, பிசியோதெரபிஸ்ட் தன்யாவிடம் அனுப்பினார்.

தோவாளையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வந்துபோகும் இளம்பெண் தன்யா. முட்டுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் கீழே அழுத்துவது, காலை மடக்காமல் தூக்கி இறக்குவது என்று இரண்டு பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். "பத்துப் பத்தா மூணு தடவை போதும் சார். கொஞ்சம் வலிச்சாப் பரவால்ல. ஆனா மறுநாள் வீங்குச்சுன்னா கூடுதலாப் போச்சுன்னு அர்த்தம்."

எண்ணுகிற வேலையை மரியஜான் எடுத்துக்கொண்டான். கரைவலை இழுக்கிற உற்சாகத்தில், "ஏழு, எட்டு, வலிச்சு இழு மக்கா, விடாத, எட்டு, ஒன்பது, நம்ம பள்ளிக்கூடத்து லிபின் செத்துப்போனது தெரியுமா, ஏழு..." என்று எண்ணினான். பத்து வருவதற்குள் முப்பது ஆகிவிடும். மறுநாள் முட்டு மறுபடியும் தேங்காயானது.

குளியலறைக்குப் பிடித்துக்கொண்டு போக ஒரு கைப்பிடிக் கட்டை வேண்டும் என்று அடுத்து மரியஜானுக்குத் தோன்றியது. பழைய வள்ளத்தின் மரத்தை அறுத்து, கட்டிலிலிருந்து குளியலறைவரை தானே அடித்துக் கொடுத்தான். உயரத்தை அவன் தன் உடம்பில் வைத்து அளந்திருந்தான். அவன் சிலுவைதாசனைவிட ஒரு சாண் உயரம். சிலுவைதாசன் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே காயப்போட்ட வாளைமீன்போல ஒரு வாரம் போய்வந்தான்.

"முட்டுக்கு வந்தவரு இப்ப தோளையும் கொண்டுவந்திருக்காரே," என்றாள் தன்யா.

இதற்கெல்லாம் நடுவில் தேங்காப்பட்டணம் துறையிலிருந்து மரியஜான் வேலை பார்த்த படகு அவனை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனது. "நீ போயிருக்கலாமில்லியா?" என்று கேட்டான் சிலுவைதாசன். "உன்னை இப்படிப் போட்டுட்டா?" என்றான் மரியஜான். அன்று மதியம் சிலுவைதாசனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடமாவது சொல்லிவிடுவது என்று ஊன்றுகோலோடு கோயிலுக்குப் போனான். அன்றைய பிரசங்கம் மன்னிப்பைப் பற்றியது.

"நம்ம பங்கிலேயே ஒரு மனிதர் இருக்கிறார்," என்றார் சாமியார். "தன் காலை ஒடித்தவனைத் தன் வீட்டில் உட்காரவைத்துச் சாயா கொடுக்கிறார். பெயரிலேயே சிலுவையைச் சுமப்பவர்!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாலு பெஞ்சு முன்னால் மரியஜான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். சிலுவைதாசனுக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது, முட்டு விடவில்லை.

அன்று மத்தியானமே விளையாட்டுக் கமிட்டி கூடி, மூன்று வருஷத்துக்கு மரியஜான் மைதானத்தில் இறங்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. மரியஜான் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான்.

முதல் நாளில் ஒற்றை வாக்கியமாக இருந்த பொய் இப்போது சாமியாரையும் கமிட்டியையும் ஞானசெல்வியின் கண்ணீரையும் சேர்த்துக்கொண்டு பெருத்துவிட்டது. இருந்தாலும் ஆறாவது வாரம், ஞானசெல்வி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, சிலுவைதாசன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கடற்கரை வழியாக மரியஜான் வீட்டுக்கு நடந்தான். 'நீ என்னைத் தொடவே இல்ல மக்கா' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். மணலில் ஒரு பெண் நெத்திலி காயப்போட்டிருந்தாள். அதை மிதிக்காமல் இருக்கத் திரும்பினான். முட்டு, மேசை இழுப்பறை வெளியே வருவதுபோல நழுவியது. நெத்திலிமேல் மல்லாந்தான்.

"மூதேவி, மீனைப் பூராவும் நாசமாக்கிட்டாரே!" என்று அவள் கத்தியதில் இருபது பேர் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் மரியஜான் ஓடிவந்தான்.

"ஏலே, தனியா எங்க எறங்குன?"

"உன்னைப் பாக்கத்தான்."

"என்னத்துக்கு?"

முடியெல்லாம் நெத்திலியோடு சிலுவைதாசன் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான்.

"சும்மா," என்றான்.

அதோடு ஆபரேஷன் என்று முடிவாயிற்று. தொடையின் பின்பக்கமிருந்து ஒரு நாரை எடுத்து முட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள். புது நார் நன்றாகப் பிடிக்க ஒரு வருஷம்கூட ஆகலாம், அவசரப்பட்டால் பழைய கதைதான் என்றார் டாக்டர். முதல் மாதம் காலை முழுக்க நீட்டுவதற்கே பாடு. பிறகு மடக்குவது, பிறகு படி ஏறுவது, இறங்குவது, ஓடாத சைக்கிளில் உட்கார்ந்து மிதிப்பது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மரியஜான் இருந்தான். இப்போது பத்து வரைக்கும் சரியாக எண்ணக் கற்றிருந்தான்.

ஒரு நாள் கண் விழித்தபோது மரியஜான் சுவரில் மாட்டியிருந்த சிலுவைதாசனின் அப்பா படத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றுகொண்டிருந்தான். உதடு அசைந்தது. ஒன்பதாம் நாள் வாசலில் நின்று செய்ய வந்ததை இப்போதுதான் செய்கிறான் என்று சிலுவைதாசனுக்குப் புரிந்தது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க ஒரு நொடி போதும். கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தான்.

எட்டாம் மாதம் மரியஜான் சொன்னான்: "எனக்க எடத்துல படகுல வேற ஆளு ஏறிட்டான். ஓமன்ல மீன்பிடிக்கப் போலாம்ணு இருக்கேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"மூணு."

'என்னாலதானா?' என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. "எப்பப் போற?" என்று கேட்டான்.

"விசா வரட்டு."

மறு மாதம் தன்யா சிலுவைதாசனை இடது காலில் மட்டும் குதிக்கவைத்தாள். அளந்து பார்த்தாள். வலது காலுக்கு அநேகமாகச் சமமாக இருந்தது. "இனி பைய ஓடிப் பழகலாம் சார்," என்றாள்.

சிலுவைதாசன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. ஊன்றுகோல் இல்லாமல், யாருடைய தோளும் இல்லாமல், மணலில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து மரியஜான் வீட்டுக்குப் போனான். இன்றைக்கு யார் கூடினாலும் சரி, ஊரே சிரித்தாலும் சரி.

மரியஜானின் மனைவி பூங்கனி முற்றத்துக் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மரியஜான் எங்க?"

"காலையிலயே திருவனந்தபுரம் ஏர்ப்போர்ட்டுக்குப் போயிட்டாரே அண்ணே. உங்களுக்கிட்ட போயிட்டு வாறேன்ணு யாத்திரை சொல்ல வந்தா அழுதிருவேன்ணு சொல்லாமப் போனாரு."

சிலுவைதாசன் படியில் உட்கார்ந்தான். முட்டு வலிக்காமல் மடங்கியது. அது வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். திரும்பியது, 'டப்' என்றது, இரண்டு கை தூரம், மதில்மேல் நின்ற கூட்டம், வாயில் வந்த பொய். "அவன் என்னைத் தொடவே இல்ல பூங்கனி. ஒரு வருஷத்த நான் தின்னுட்டேன். இப்ப அவன் கடலுக்கு அங்கோட்டு ஓமனுக்குப் போனதும் என்னாலதான்."

பூங்கனி சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அது அன்னைக்குச் சாயங்காலமே அவரு எனக்கிட்டச் சொன்னாரே அண்ணே. ஊருக்கு முன்னால உள்ளதச் சொல்லுங்கண்ணு நான் சண்டை போட்டேன்; 'பன்னெண்டு வருஷத்துக்குப் பிறவு அவன் வீட்டுப் படி ஏற ஒரு காரணம் கெடச்சிருக்கு, அதை நான் என்னத்துக்கு இல்லைண்ணு சொல்லணும்'ணு கேட்டாரு."