நெனச்சுக்கோ அண்ணாச்சியும் பதினேழும்

குற்றாலத்தில் அருவிக்கு அடுத்தபடியாக அதிகம் பேரை மூச்சுத் திணற வைத்தவர் நெனச்சுக்கோ அண்ணாச்சிதான். அருவிக்காவது வெள்ளம் வந்தால் தடை போடுவார்கள். இவருக்குத் தடை போட ஆளில்லை.

நான் கணக்கு எழுதிய விடுதியில் அவர் மேனேஜர். வந்தவர்களிடம் அறைச் சாவியைக் கொடுக்குமுன், "ஒரு நம்பர் நெனச்சுக்கோங்க" என்பார். "வெளிய சொல்லாதீங்க. அத இரட்டிங்க. பத்தக் கூட்டுங்க. பாதியாக்குங்க. மொதல்ல நெனச்சதக் கழிங்க." பிறகு நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் கண்ணை மூடி, "அஞ்சு!" என்பார்.

உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் புறப்பட்டவரையும் விடமாட்டார். பாதியாக்குவதற்குள் எண்ணெய் கண்ணில் இறங்கிவிடும்.

"எரியுதுய்யா!"

"எரியட்டும். நெனச்சதக் கழிச்சாச்சா?"

சூட்சுமம் பெரிதில்லை. நினைத்ததை இரட்டித்துப் பாதியாக்கினால் நினைத்ததே திரும்பி வரும். அதையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது, அவர் கூட்டச் சொன்ன பத்தில் பாதி. மறுமுறை கேட்பவரிடம் பதினாறு என்பார், விடை எட்டாகிவிடும். யாருக்காவது விடை மாறி வந்தால், "என் கணக்கு தப்பாது. நீங்கதான் தப்பாக் கூட்டிட்டீங்க" என்பார். முதலாளியிடமே அப்படிச் சொன்னவர்.

இதனாலேயே மூன்று சம்பந்தங்கள் கைநழுவின. ஒரு பெண் வீட்டார், "மாப்பிள்ளை மை போட்டுப் பாப்பாராமே?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அண்ணாச்சிக்கு வயது முப்பத்தெட்டாகிவிட்டது. நான்காவது சம்பந்தம் சிவகிரியில் அமைந்தது. ஆவணி பிறந்து முதல் ஞாயிறு, சாரல் சற்று ஓய்ந்திருந்தது. துணைக்கு நான் போனேன்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்க."

"ஏலே, நான் என்ன சின்னப்பிள்ளையா?"

பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற போலீஸ்காரர். மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. கேசரி வந்தது, காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. மௌனம் நீள நீள அண்ணாச்சிக்கு வியர்த்தது. நான் அவர் காலை மிதித்தேன். பயனில்லை.

"மாமா, ஒரு நம்பர் நெனச்சுக்கோங்க."

போலீஸ்காரர் முறைத்தார். ஆனாலும் நினைத்தார். தொடையில் விரல்விட்டு எண்ணினார்.

"அஞ்சு!" என்றார் அண்ணாச்சி.

"இல்லையே. பதினேழுல்லா வருது."

அடுத்து அண்ணாச்சி சொல்லப்போகும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். அவர் வாயைத் திறந்தார். மூடினார். மெல்லத் தலையைக் குனிந்து, "அப்பம் என் கணக்குதான் தப்பு மாமா" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, நீங்க ஏழுதான நெனச்சீங்க? பாதியாக்க மறந்துட்டீங்க."

மீசை துள்ளியது. "ஏட்டி, ஏழுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாதியாக்காம விட்டா நெனச்சதோட பத்து சேந்துதான வரும்? பதினேழுல பத்து போனா ஏழு."

அண்ணாச்சி காப்பியைக் கீழே வைத்துவிட்டு உள்பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி வரும் பேருந்தில் தென்காசி வரை விரல்விட்டுக் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார்: "ஏலே, அவ நெசமாவே மனசப் படிச்சிட்டா."

தை மாதம் கல்யாணம். வேண்டாம் என்று சொல்லாமல் எப்படிச் சம்மதித்தீர்கள் என்று பின்னொரு நாள் அந்த மதினியிடம் கேட்டேன். "தன் கணக்கு சரின்னு தெரிஞ்சும் எங்கப்பாகிட்ட தோத்தாருல்லா" என்றார்.

நான் சென்னைக்கு வந்து வெகுகாலமாகிறது. குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடியிருக்கும் அண்ணாச்சியிடமிருந்து, முதல் சாரல் விழுந்ததும் போன் வரும்.

"ஏலே, ஒரு நம்பர் நெனச்சுக்கோ."

என்னிடம் எப்போதும் பத்தைத்தான் கூட்டச் சொல்வார்; எதை நினைத்தாலும் ஐந்துதான் என்பதால் நான் எண் எதையும் நினைப்பதில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் கேட்கும் மழையைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அஞ்சுதான?"

"எப்படி அண்ணாச்சி கண்டுபிடிச்சீங்க!"