மேளத்துக்கு என்ன வயது

காலை பதினொன்று பத்துக்கு வெள்ளைக்காரர் மேளத்தைத் தொட்டார்.

டி-சர்ட் ஆர்டர் கொடுக்க வந்தவர், அதுவரை எதையும் தொடவில்லை. ஆறு சாம்பிள் டி-சர்ட்டுகளை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தையல் மேசைகளைப் பார்த்தார். எட்டில் ஐந்து ஓடவில்லை. பிறகு கோடவுன் மூலைக்குப் போனார். நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய மேளம் கிடந்தது. குனிந்து தொட்டு, ஏதோ கேட்டார்.

"என்னப்பா கேக்கறாரு?" என்றார் கம்பெனி முதலாளி மருதாசலம்.

"அதுக்கு என்ன வயசுன்னு கேக்கறாருங்ணா," என்றான் வேல்குமார். அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

மருதாசலம் யோசிக்கவில்லை. "எரநூறு வருசம்னு சொல்லு."

அது பழக்கம். குழந்தைத் தொழிலாளர் சோதனைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ஒல்லியான பெண்ணாகப் பார்த்து நிறுத்தி வயது கேட்பார்கள். இருபது என்று உள்ளதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வெள்ளைக்காரர் எதற்கு வயது கேட்டாலும் கூட்டிச் சொல்ல மருதாசலத்தின் வாய் பழகியிருந்தது.

வெள்ளைக்காரர் புருவத்தைத் தூக்கினார். மேளத்தை ஒரு தட்டுத் தட்டினார். ஏதோ சொல்லிக் கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

"என்ன சொன்னாரு?"

"'ரொம்ப அருமையா இருக்குது, இதப் பத்தி இன்னும் தெரிஞ்சுக்கோணும்'னாருங்ணா."

"சர்ட்டையா?"

"மேளத்தைங்ணா."

அது 2009 பிப்ரவரி. அமெரிக்காவில் வங்கிகள் விழுந்ததில் வீரபாண்டியில் தையல் மேசைகள் நின்றுபோயிருந்தன. இந்த முப்பதாயிரம் பீஸ் ஆர்டர் கிடைத்தால் ஷெட் ஓடும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. உள்ளே இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். வெள்ளைக்காரர் இன்னும் பத்து நாள் ஊரில் இருப்பார்.

"அவருக்குத் துணி மேல கண்ணில்ல. மேளத்து மேலதான்," என்றார் மருதாசலம். "அதப் பத்தி நல்லா எழுதிக் குடுத்தா ஆர்டர் வந்துரும்."

"எழுதறதுக்கு அது என்ன மேளம்னு தெரியோணுமுங்களே."

தெரியவில்லை. ஷெட் முன்பு பஞ்சு கோடவுனாக இருந்தது. வாடகைக்கு எடுத்தபோதே மேளம் அங்கே கிடந்தது. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, நம்பர் இல்லை.

செக்கிங் மேசையிலிருந்து ஒச்சாயி எழுந்து வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள்.

"உறுமி இல்ல மொதலாளி. உறுமிக்கு இடுப்பு சிறுத்திருக்கும். இதுக்கு இடுப்பே இல்ல, என்னைய மாதிரி."

கோயில் நோம்பிகளில் மேளம் அடிக்கும் பொன்னுச்சாமியை அழைத்து வந்தார்கள். அவர் மேளத்தை உருட்டினார், முகர்ந்தார், காதை வைத்துக் கேட்டார்.

"தவிலுன்னா நீளம் பத்தாதுங்க. மத்தளம்னா அகலம் சாஸ்திங்க. கட்டை மட்டும் பலாக்கட்டைங்க."

"வயசு?"

"செஞ்ச ஆசாரி பேரோ, குடுத்தவங்க பேரோ வெட்டியிருந்தாச் சொல்லலாமுங்க. வெளிய ஒண்ணுங் காணமுங்க. உள்ள இருந்தாலும் இருக்குமுங்க."

"உள்ள பாரு."

"தோலைக் கழட்டோணுமுங்க."

"கழட்டு."

தோல் அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எழுத்து இல்லை. காய்ந்த பல்லி ஒன்று கிடந்தது.

"பல்லிக்கு வேண்ணா வயசு சொல்லலாமுங்க," என்றார் பொன்னுச்சாமி. "ரெண்டு மாசம் இருக்குமுங்க."

தோலில்லாத மேளத்தை யாரிடமும் காட்ட முடியாது. பொன்னுச்சாமி எடுத்துப் போய் நான்கு நாளில் புதுத் தோல் போர்த்து, புது நூல் கயிறு கட்டி, கட்டைக்கு எண்ணெயும் பூசிக் கொண்டுவந்தார். வேலை சுத்தம். மேளம் போன வாரம் செய்தது போலப் பளபளத்தது.

மருதாசலம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"புதுசு பழசாகோணும். அவ்வளவுதானுங்களே?" என்றான் வேல்குமார். "புது டி-சர்ட்டைப் பழசாக் காட்டறதுக்கு நாம சாயம் குடுக்கறமுங்களே. டீத்தண்ணிக் கலரு. அதையே குடுத்தரலாமுங்ணா."

அது சரியாகப் பட்டது. மேளம் சாயப்பட்டறைக்குப் போனது. மறுநாள் திரும்பி வந்தபோது கயிறு அழகான டீத்தண்ணிக் கலரில் இருந்தது. தோல் ரோஸாக இருந்தது.

"என்னப்பா இது?"

"மாஸ்டரைக் கேட்டனுங்ணா. கயிறு பருத்திங்கறதுனால கலரு புடிச்சுருச்சாமா. தோலு பருத்தி இல்லீன்னு அவருக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சாமா."

ஒச்சாயி மேளத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "சடங்கான புள்ள மாதிரி இருக்கு மொதலாளி. மாலை ஒண்ணு போட்டா முடிஞ்சது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

ஏழாவது நாள் சோமனூரிலிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். உள்ளூர்ச் சந்தைக்கு மூவாயிரம் கை பனியன் வேண்டும். இன்றே தைக்க ஆரம்பிக்க முடியுமா?

மருதாசலம் நின்றுகிடந்த ஐந்து மேசைகளைப் பார்த்தார். ஆர்டர் வந்துவிட்டால் எட்டு மேசையும் பத்தாது. "மேசை காலி இல்லீங்க," என்று சொல்லி போனை வைத்தார்.

ஒச்சாயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி, ஷெட்டப் பூட்டுவீகளா, மாட்டீகளா? நெசத்தச் சொல்லிருங்க. பூட்டுறதா இருந்தா மகன் பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கிட்டு ஊருக்குப் போயிருவேன். பரிச்சைக்கு முன்னாடின்னா அங்கனயாவது சேத்துக்கிருவாக."

"போகாத ஒச்சாயி. ஆர்டர் வந்துரும்."

"யாரு சொன்னது?"

மருதாசலத்தின் கண் மேளத்தின் பக்கம் போய்வந்தது.

"அதுவா சொன்னது?" என்றாள் ஒச்சாயி. "அது சரி. அப்ப டி.சி. வேணாம்."

பத்தாவது நாள் காலையில் வெள்ளைக்காரர் தங்கியிருந்த ஓட்டலுக்கு வேல்குமார் போன் செய்தான். அறையைக் காலி செய்துவிட்டு கோயம்புத்தூர் போய்விட்டார் என்றார்கள். மதியம் இரண்டரைக்கு விமானம்.

"ஏர்போர்ட்டுக்கே கொண்டுபோய்க் கையில குடுத்தர்றேன்," என்றார் மருதாசலம். "பேப்பர் ரெடியா?"

வேல்குமார் கம்பெனி லெட்டர்பேடில் அடித்து, சீல் வைத்திருந்தான். பழங்கால மேளம், பலாக்கட்டை, வயது இருநூறு. நீட்டியவன் பாதியில் நின்றான்.

"அண்ணா, நூறு வருசத்துக்கு மேல பழசா இருந்தா நாட்டை உட்டுக் கொண்டுபோக உடமாட்டாங்களாமா. ஏர்போர்ட்டுல புடிச்சுக்குவாங்களாமா."

"மேளத்தையா?"

"கையில வச்சிருக்கறவரைங்ணா."

ரோஸ் மேளத்தோடு வெள்ளைக்காரர் பீளமேடு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மருதாசலத்தின் கண்முன் வந்து போனது.

"வயசைக் கொறை."

"எத்தனைங்ணா?"

"தொண்ணூத்தெட்டு."

"எரநூறுன்னு சொல்லீட்டமுங்களே."

மருதாசலம் யோசித்தார். "தொண்ணூத்தெட்டு வருசம் மேளமா இருந்துச்சுன்னு போடு. அதுக்கு முந்தி மரமா இருந்துச்சுன்னு போடு."

வேல்குமார் அப்படியே அடித்தான்.

பன்னிரண்டு மணிக்கு டாக்ஸி வந்தது. டிரைவர் ராசப்பன்தான் பத்து நாளும் வெள்ளைக்காரருக்கு வண்டி ஓட்டியவர். காலையில் அவரைக் கோயம்புத்தூரில் இறக்கிவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தார். மேளத்தைப் பின்சீட்டில் ஏற்றி, மருதாசலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அது உருளாமல் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஷெட் வாசலில் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். யாரோ எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். டயர் அதை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

பல்லடம் தாண்டியது. சாலையின் இருபுறமும் ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. மருதாசலம் எண்ண ஆரம்பித்து, பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார்.

ராசப்பன் கண்ணாடியில் பின்சீட்டை மூன்று தடவை பார்த்துவிட்டார்.

"இது நம்ம வெள்ளைக்காரருக்குங்களா?"

"ஆமா. அவருக்குப் புடிச்சுப்போச்சு."

"வேணும்னு கேட்டாருங்களா?"

"வயசு கேட்டாரு."

ராசப்பன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க மொதலாளி, துணி புடிக்கலீன்னா அத மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்குச் சங்கடப்பட்டுட்டு, அங்க கெடக்கற எதையாச்சும் தொட்டு வயசு கேட்டுட்டு வந்து, கார்ல ஏறுனதும் அந்தக் கம்பெனி பேர லிஸ்ட்டுல இருந்து அடிச்சுப்போடறது அவரு வழக்கமுங்க, மங்கலத்துக் கம்பெனிக்காரரு ஒருத்தரு காத்தாலிருந்து ஆட்டாங்கல்லோட ஏர்போர்ட்டு வாசல்ல நிக்கறாரு, அவருகிட்ட நீங்களே சொல்லீர்றீங்களா?"