பதினான்கு படியும் மூன்று வளைவும்

உலகக் கட்டடக் கலையின் வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: எங்கள் ஊரான தம்போயில் சங்க மண்டபம் எழுவதற்கு முன், எழுந்ததற்குப் பின். சங்கச் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

தலைவர் கிரகோரி நேர்கோட்டின் பக்தர். தோசையைக்கூடச் சதுரமாக மடித்துத்தான் சாப்பிடுவார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் ரூபேந்திரனோ 'ஆர்கானிக்' கட்சி. கட்டடம் செடி மாதிரி மண்ணிலிருந்து முளைக்க வேண்டும் என்பார். உரம் மட்டும் சிமெண்ட்.

ஆறு கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்திலேயே வினிஃப்ரெட் அக்கா கை தூக்கினார். எங்கள் பாடற்குழுவை இருபது வருடமாக நடத்துபவர். பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

"திறப்பு விழாவுல நான்தான் பாட வைக்கணும். உள்ள வர ஒரு சரிவுப் பாதை வச்சிருங்க, போதும் லா."

"கண்டிப்பா, அக்கா!" என்றார் தலைவர். நான் மினிட்ஸில் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். பிறகு தத்துவம் தொடங்கியது.

"முன்னால பதினாலு படி. ஒரே நேர்கோடு. பார்த்தாலே மரியாதை வரணும்."

"இயற்கையில நேர்கோடே கிடையாது, தலைவரே."

"பண்டார் தெங்காரா பக்கம் போய்ப் பாருங்க. செம்பனைத் தோட்டத்துல மரமெல்லாம் எப்படி நிக்குது? ஸ்கேல் வச்ச மாதிரி!"

"அது கம்பெனி நட்டது."

"நான் பொறந்ததே அங்கதான்!"

ரூபேந்திரன் வரைபடத்தில் இன்னொரு வளைவு சேர்த்தார். ஆறாவது கூட்டத்தில் சமரசம் பிறந்தது. முன்னால் பதினான்கு படிகள், நேராக. பக்கத்தில் சரிவுப் பாதை, நத்தை ஓடு மாதிரி மூன்று வளைவுகளுடன். இரு கட்சியும் எழுந்து நின்று கைதட்டின.

திறப்பு விழாக் காலையில் வினிஃப்ரெட் அக்கா புதுச் சேலையில் வந்தார். இரண்டாவது வளைவில் நாற்காலி மாட்டிக்கொண்டது.

"அலமாக்! திரும்பவே மாட்டேங்குது!"

நான்கு பேர் பின்னால் இழுத்து விடுவித்தோம். படி வழியாகத் தூக்கிப் போகிறோம் என்றோம்.

"நான் என்ன அரிசி மூட்டையா?" அக்காவின் கண் கலங்கிவிட்டது. "வேணாம். நீங்க உள்ள போங்க."

நாங்கள் போனோம். பாடற்குழு போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அவரைச் சுற்றி நின்று, அவர் கையசைக்கப் பாடினார்கள். உள்ளே ஏர்கோன் குளிரில், வெளியே கேட்ட பாட்டுக்கு நாங்கள் காலி மேடையைப் பார்த்துக் கைதட்டினோம். ரூபேந்திரன் மட்டும் வெளியே ஓடிப் படம் எடுத்தார்.

"உள்ள எது, வெளிய எதுன்னே தெரியல பாருங்க! இதான் ஆர்கானிக்!"

விழா முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஆறு கூட்டம் போட்டீங்களே, தம்பி. என் நாற்காலிய யாராச்சும் அளந்து பார்த்தீங்களா?"

மினிட்ஸைப் புரட்டினேன். படியின் உயரம் இருந்தது. வளைவின் அகலம் இருந்தது. கல்வெட்டில் தலைவர் பெயர் எத்தனை அங்குலம் என்பதும் இருந்தது. அக்காவைப் பற்றி ஒரே வரி: 'குறித்துக்கொள்ளப்பட்டது.'

அவரை வாசலில் நிறுத்தியது படியும் இல்லை, வளைவும் இல்லை, அந்த வரிதான். எழுதியவன் நான். கையெழுத்து மிக அழகாக இருந்தது.