முன்சீட்டில் பூசணிக்காய்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக நாற்பத்தொரு வருடமாக உனக்கு அத்தானாக இருந்துவருபவன் எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிவது நின்றிருக்கும் என்று நம்புகிறேன். இன்னும் ஒரு மாதத்துக்கு நீ எதையும் படிக்கக் கூடாதாமே, அதனால் உன் வீட்டுக்காரி இதைப் படித்துக் காட்டட்டும். ஆனால் படிக்கும்போது போன் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். அவளும் உன் அக்காவும் எப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள், எப்போது இல்லை என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போனிலேயே சொல்லித் தொலைக்கலாமே என்பாய். உன் அக்கா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் எந்த அறையில் முணுமுணுத்தாலும் கூடத்தில் கணீரென்று கேட்கும். சத்தம் போடாமல் செய்யக்கூடியது எழுதுவது ஒன்றுதான். "கட்டுப் பிரிச்சதும் அக்கா மூஞ்சியத்தான் முதல்ல பாக்கணும்" என்று நீ சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். வரவில்லை. வண்டி ரிப்பேர் என்று அவள் உன்னிடம் சொன்னது என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ஓட்டியவனிடம்.

நான் சாலைத் துறை ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டினேனே, அங்கே நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்னவென்று உனக்குத் தெரியும். மழைக்காலத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பதினான்கு அறிவுரைகள் என்று மஞ்சள் காகிதத்தில் ஒரு நோட்டீஸ் வந்ததல்லவா, அதை எழுதியவன் நான். பெயர் போடவில்லை, போகட்டும். அதில் ஒன்றை உன் அக்கா பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள். நான் என்னவோ பெருமையில் ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன், மனப்பாடம் செய்வதற்காம். தூறல் விழுந்ததும் ஆரம்பித்துவிடுவாள். "ரெண்டாம் நம்பர், லைட்டப் போடுங்க." "நாலாம் நம்பர், முன்னாடி போற பஸ்ஸ இப்படி ஒரசிக்கிட்டா போறது?" நான் எழுதியதை என் மேலேயே எடுத்து வீசுகிறாள், நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஞாயிறு காலை கிளம்பும்போதே மேகம் இருட்டிக்கொண்டு நின்றது. வண்டி, நம் பையன் ஊர் மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. அது வண்டியே இல்லை, எதற்கெடுத்தாலும் கத்துகிற ஒரு பிராணி. உனக்காகத் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றைத் தூக்கி முன்சீட்டில் வைத்தாள் உன் அக்கா. உடனே யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வண்டி கீகீ என்று அலற ஆரம்பித்துவிட்டது. பின்சீட்டில் வைக்கலாம் என்றால் உருண்டு அடிபடுமாம். கடைசியில் பூசணிக்காய்க்கு பெல்ட் மாட்டிவிட்டு அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்போதே எனக்கு என்னவோபோல் இருந்தது மச்சான். அந்த இடத்தில் அவளைத் தவிர வேறொன்று உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நம் பழைய வண்டி உனக்கு நினைவிருக்கிறதா? கல்யாணமான இரண்டாம் மாதமே அதில் வைப்பர் மோட்டார் மண்டையைப் போட்டது. சாமான் மூன்று வாரத்தில் வந்துவிடும் என்றார் மெக்கானிக். பதினேழு வருடம் கழித்து வண்டியை விற்கிற அன்றுகூட, "வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றுதான் சொன்னார். நான் என்ன செய்தேன், துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை வைப்பரில் கட்டி, ஒரு நுனியை என் பக்கத்து ஜன்னல் வழியாகவும் இன்னொரு நுனியை அவள் பக்கத்து ஜன்னல் வழியாகவும் உள்ளே இழுத்துவிட்டேன். நான் இழுத்தால் வைப்பர் இந்தப் பக்கம் வரும், அவள் இழுத்தால் அந்தப் பக்கம் போகும். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வேன். மழை முடியும்போது எனக்கு வலது தோள் தெப்பல், அவளுக்கு இடது தோள் தெப்பல். "நீங்க... நான்... நீங்க... நான்..." என்று எண்ணிக்கொண்டே வருவாள். சண்டை வந்தால் தன் நுனியைப் பிடித்துக்கொண்டு கல்லுமாதிரி உட்கார்ந்துவிடுவாள். கண்ணாடி மறைந்து போகும். ஓரம் கட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியே கிடையாது. பார்வை மறைந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தவும் என்ற முதலாம் நம்பர் ஆபீசில் யோசித்து எழுதியது இல்லையப்பா, அப்படி எழுதியது.

ஓரம் கட்டினால் மழை விடும்வரை அரை மணியோ ஒரு மணியோ. பிளாஸ்கில் இருக்கிற காப்பியை மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டு எதையாவது பேசுவோம். பையனுக்கு என்ன பெயர் வைப்பது, வீட்டுக்குக் கிணறு எந்தப் பக்கம், உன்னைப் படிக்கவைப்பதா கடையில் சேர்ப்பதா, எல்லாம் அந்த வண்டிக்குள் முடிவானதுதான். வெளியே ஒன்றும் தெரியாது, சோவென்று சத்தம் மட்டும் கேட்கும். என் ஆயுசில் அந்த மாதிரி நிம்மதி வேறெங்கும் கிடைத்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இந்த வண்டியில் வைப்பர் தானே ஆடுகிறது, தானே நிற்கிறது, யாரையும் கேட்பதில்லை. உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைப் போக்குகிற பொத்தான் என்று நினைத்து ஒன்றை அமுக்கினேன், அது சீட்டைச் சூடாக்குகிற பொத்தானாம். அதுவும் என் சீட்டை இல்லை, பூசணிக்காயின் சீட்டை. அப்படியே துடைத்துத் துடைத்து ரயில் பாலத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் கட்டி நின்றது. எனக்கு முன்னால் ஒரு லாரி இறங்கி ஏறிப் போயிற்று.

"ஏங்க, ஆறாம் நம்பர்" என்றாள். ஆழம் தெரியாத நீரில் வண்டியை இறக்கக் கூடாது.

"அத எழுதினவனே நான்தான்டி!"

"எழுதினவரே முங்கப் போறீங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லாரி போகிறதே, நான் போகக் கூடாதா? இறக்கிவிட்டேன். நடுத் தண்ணீரில் வண்டி ஒரு தும்மல் போட்டு நின்றது. காலடியில் சில்லென்று தண்ணீர் ஏறியது. வழி சொல்கிற பெண் மட்டும் போனுக்குள்ளிருந்து "நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்" என்றாள். உன் அக்கா வாயே திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை, அதுதான் என்னைக் கலங்கடித்துவிட்டது. பயத்தில் என் இடது கை தானாக அவள் கையைத் தேடிப் போயிற்று. அகப்பட்டது பூசணிக்காய். கதகதவென்று இருந்தது.

ஒரு டிராக்டர்காரர் வந்து சங்கிலி போட்டு இழுத்து வெளியே விட்டார். விட்டவர் சும்மா போனாரா? "உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் சார் கவர்மெண்டுல நோட்டீஸ் அடிச்சுக் குடுக்கிறாங்க. ஒருத்தராவது படிக்கிறீங்களா?" என்று டூல்ஸ் பெட்டியைத் திறந்து, கிரீஸ் படிந்த ஒரு மஞ்சள் காகிதத்தை எடுத்து என் கையில் திணித்தார். மச்சான், அதே பதினான்கு! அவர் அதை வருடக்கணக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. உன் அக்கா நினைத்திருந்தால் அங்கேயே என் மானத்தைக் கப்பலேற்றியிருக்கலாம். "ரொம்ப நன்றிங்க, இனிமே படிக்கச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி, காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டாள்.

வண்டி இன்னும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுக் கிளம்பியது. வீட்டுக்கு வந்து ஈரப் புடவையோடு நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இனிமே மழையில நீங்க ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்." சாவி இப்போது அரிசி டின்னுக்குள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. சாவி போனதற்கு நான் வருத்தப்படவில்லை, பஸ்ஸில் போய்க்கொள்வேன். அவள் ஏற மாட்டேன் என்றாளே, அதுதான் தாங்கவில்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். பழைய வண்டியில் கயிற்றின் பாதி அவள் கையில் இருந்தது. அவள் வேண்டாம் என்றால் வண்டி நகராது. இந்த வண்டிக்கு அவள் தேவையில்லை, அந்தத் திமிரில் நானும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். பதினான்கில் பதின்மூன்று அவள் சொல்லி நான் எழுதியவை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பதினான்காவது மட்டும் என் சொந்தச் சரக்கு: உடன் வருபவர்கள் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

ஆகவே மச்சான், நீ சொன்னால் அவள் கேட்பாள். நானாகக் கேட்டதுபோல் இல்லாமல், ஏதோ பேச்சுவாக்கில், அத்தானை மன்னித்துவிடு என்று சொல்லிப் பார். இந்தக் கடிதம் வந்ததே அவளுக்குத் தெரியக் கூடாது. படித்ததும் கிழித்துவிடு.

உன் கண் சீக்கிரம் தெளிந்து, எறும்பு ஊர்வதுகூடத் தெரிகிற அளவுக்கு நீ நூறு வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
வெட்கத்துடன் உன் அத்தான்

பி.கு.: உறையில் எழுத உன் புது வீட்டு விலாசம் எனக்குத் தெரியவில்லை. உன் அக்காவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. "எதுக்கு?" என்றாள். அவளிடம் என்றைக்கு நான் பொய் சொல்லி ஜெயித்திருக்கிறேன்? வாங்கி முழுவதும் படித்தாள். வெங்காயம் எப்போதோ உரித்து முடிந்துவிட்டது, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பீரோவைத் திறந்து, பேனாவால் பதினான்காம் நம்பரை அடித்தாள். கிழிக்க வேண்டாம், இன்றே தபாலில் போட்டுவிடுகிறேன், வெள்ளிக்கிழமை நாங்களே நேரில் வருகிறோம். பூசணிக்காய் பின்சீட்டில் வரும். முன்சீட்டில் அவள். கொடிக்கயிற்றில் ஒரு முழம் வெட்டி, ஒரு நுனியை என் இடுப்பு பெல்ட்டில் கட்டிப் பார்த்துவிட்டாள், மறுநுனி அவள் கையில் இருக்குமாம், இழுத்தால் நிறுத்த வேண்டுமாம். மழை வந்தால் நேரமாகும். போன் போட்டுப் பதறாதீர்கள், பிளாஸ்க் நிறையக் காப்பி இருக்கிறது, எங்கேயாவது ஓரம் கட்டியிருப்போம்.