ஆறு மணிக் கூட்டம்

“அப்பா, நம்ம வெப்சைட்டு எந்தத் தெருவுல கீது?”

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ரூத், இட்லியைச் சட்னியில் முக்கியபடி ஒருநாள் இப்படிக் கேட்டாள். கேட்டவள் இட்லியை முடிப்பதற்குள் கேள்வியை மறந்துவிட்டாள். அப்பன் ஜெரால்டுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ராயபுரத்தில் அவனுக்கு ஒரு கடை. விசைப்படகுகளுக்கு வேண்டிய கயிறு, மிதவை, உயிர்காக்கும் ஜாக்கெட் எல்லாம் விற்றான். நல்ல மனிதன்தான். ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டான். ஆனால் காணிக்கைப் பை தன்னைத் தாண்டிய பிறகும், அது எங்கே போகிறது என்று கடைசி வரிசை வரைக்கும் கண்ணாலேயே பின்தொடர்கிறவன்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். கடை காற்று வாங்கியது. தடை முடியுமுன் படகு உரிமையாளர் சங்கம் எல்லாப் படகுகளுக்கும் மொத்தமாக ஜாக்கெட்டும் கயிறும் வாங்கப்போகிறது. அந்த ஆர்டர் கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான். சங்கத்துச் செயலாளர் சுப்புராயன், “சனிக்கெழம காலைல கமிட்டி குந்தும். ஒன் சைட்டயும் டெரிக் சைட்டயும் தெறந்து பாத்துட்டு முடிவு சொல்றோம்” என்று சொல்லியிருந்தார். டெரிக் எதிர்க்கடைக்காரன். அவனும் கயிறு விற்றான் என்பதைத் தவிர அவன்மேல் வேறு குற்றம் இல்லை.

ஜெரால்ட், தனக்கு வெப்சைட் செய்துகொடுத்த தண்டையார்பேட்டை மொஹ்சினை வரவழைத்தான்.

“பாய், என் சைட்டு எங்க கீது?”

“பம்பாய்ல ஒரு பெரிய கம்ப்யூட்டர்லண்ணே. ஷேர்டு ஹோஸ்டிங்கு. அதே மிஷின்ல இன்னும் நூறு எரநூறு பேரோட சைட்டும் கீது.”

“யாரு அவங்கல்லாம்?”

“எனக்கு எப்டிண்ணே தெரியும்?”

“பேரு தெரியாத ஆளுங்களோட என் கடைய ஒண்டுக்குடித்தனம் வெச்சிட்டு, இத்தினி நாளா வாயே தொறக்காம கீறியா?”

மொஹ்சின் பொறுமைசாலி. “அப்ப வி.பி.எஸ்.க்கு மாறிக்கண்ணே. அதுவும் ஒரு மிஷின்தான். ஆனா உள்ள தடுத்து ஒனக்குன்னு தனி எடம், தனி மெமரி, தனி சாவி குடுத்துருவாங்க.”

“தடுப்பு செவுரா, தட்டியா?”

“செவுருதாண்ணே.”

“யாரு கட்னது?”

மொஹ்சின் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மூன்று கம்பெனிகளைக் காட்டினான். விலை குறைந்ததைப் பார்த்து, “இத்தினி சீப்பா குடுக்கறான்னா எதுக்கோ அடி போடறான்” என்றான் ஜெரால்ட். விலை கூடியதைப் பார்த்து, “இவன் நேராவே கொள்ளையடிக்கறான்” என்றான். நடுவில் இருந்ததை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். “இவன்தான் டேஞ்சரு. நல்லவன் மாறியே கீறான்.”

“சர்வரப் பாத்துக்கற வேலையயும் கம்பெனியே செய்யற பிளான் ஒண்ணு கீதுண்ணே. ஒனக்கு அதான் கரீட்டு.”

“அப்ப சாவி அவன்கிட்டயும் இருக்குமா?”

“இருந்தாத்தானே பாத்துக்குவான்?”

“வாணாம்.”

கடைசியில், இருப்பதிலேயே சின்னதாக, யாரும் பார்த்துக்கொள்ளாத ஒரு சர்வரை எடுத்தார்கள்.

மனைவி ஜானட் சிரித்தாள். “கடையில கீறதே கயிறு. அத எவன் கம்ப்யூட்டர் வழியா உருவிகினு போவப் போறான்? மாதா மேல பாரத்தப் போட்டுட்டு நாஸ்தா துன்னுங்க.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கினான். அதே நேரத்தில் வெப்சைட் படுத்தது. அடுத்த நாளும் ஆறு மணிக்குப் படுத்தது. மொஹ்சின் வந்து துருவிப் பார்த்தான்.

“ஆறு மணிக்கு மொத்தமா ஒரு கூட்டம் வருதுண்ணே. எட்டிப் பாக்கறாங்க, ஒண்ணும் வாங்கல, போய்டறாங்க. பழைய எடம் பெருசு, தாங்கிக்கிச்சி, நமக்குத் தெரியல. இது சின்னது, மூச்சு முட்டுது.”

“ஒண்ணும் வாங்காம சுத்திப் பாக்கறவன் எதுக்கு பாய் வரான்? நோட்டம் வுடத்தான். இது டெரிக் ஏவிவுட்ட ஆளுங்க.”

எதிர்க்கடையிலிருந்து டெரிக் கையை ஆட்டினான். “குட் மார்னிங், ஜெரால்டு!”

“பாத்தியா, எவ்ளோ குஷியா கீறான்!”

மெமரியை இரண்டு மடங்காக்கினார்கள். மறுநாள் கூட்டமும் இரண்டு மடங்காக வந்தது. சைட் முன்னைவிட வேகமாகப் படுத்தது.

சந்தேகம் கடற்கரை உப்புக்காற்று மாதிரி. திருடனுக்குப் பயந்து பூட்டை மாட்டினால், முதலில் நம் சாவியைத்தான் துருப்பிடிக்க வைக்கும். ஜெரால்ட் அடுத்த பூட்டை மாட்டினான். இனி பெயர், போன் நம்பர், ஊர் மூன்றையும் எழுதினால்தான் சைட்டுக்குள் போகமுடியும்.

வாடிக்கைக்காரன் மதி, கடை வாசலிலேயே வண்டியை நிறுத்திச் சத்தம் போட்டான். “ஒரு ஜாக்கெட்டு வெல பாக்கறதுக்குப் பேரு, ஊரு, நம்பரா? நான் இன்னா பொண்ணு கேட்டா வந்துகீறேன்?” நேராக எதிர்க்கடைக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு மொஹ்சின் லேப்டாப்போடு கடையில் உட்கார்ந்திருந்தான். திரையில் பெயர்கள் சரசரவென்று இறங்கின. கன்னியம்மா, சடையங்குப்பம். ராசையா, சடையங்குப்பம். சிலுவையம்மாள், சடையங்குப்பம்.

“எந்தத் திருடண்ணே அட்ரஸ் எழுதி வெச்சிட்டு உள்ள வருவான்?”

“உசாரான திருடன்” என்றான் ஜெரால்ட்.

கடை போன் அடித்தது. சுப்புராயன். “இன்னா ஜெரால்டு, ஒன் சைட்டு எங்க பேர அல்லாம் கேட்டுச்சு. எழுதிக் குடுத்தாலும் சுத்திகினே கீது. டெரிக்கோடது டக்குனு தெறந்துகிச்சி. ஒரு டீ குடிச்சி முடிக்கற வரைக்கும் பாப்போம். அப்பால எங்களக் கொற சொல்லாத.”

ஜெரால்ட், பட்டியலில் முதலில் இருந்த கன்னியம்மாவின் நம்பரைத் தன் செல்போனில் அழுத்தினான்.

“யம்மா, டெரிக் ஒனக்கு எவ்ளோ குடுத்தான்?”

“டெரிக்கா? அது யாரு?” என்றது வயதான ஒரு பெண் குரல். “நீ யாரு பேசறது?”

“ராயபுரம் ஜெரால்டு. கயித்துக் கடை.”

“நைனா! நீயேவா? இன்னா நைனா, கொஞ்ச நாளா போன்ல ஒன் கடை தெறக்கவே மாட்டேங்குது? நான் பேஜாராயி பக்கத்துத் தெருவையும் கூட்டியாந்து வுடாம அமுக்கச் சொல்லிகீறேன்!”

“யம்மா, ஒன்னக் கும்புடறேன். கொஞ்ச நேரம் அமுக்காம இருக்கச் சொல்லு. என் பொழப்பே அதுலதான் கீது.”

“ஐயய்யோ! ஏய், அல்லாரும் போனக் கீழ வையுங்கடி! நைனா சொல்லுது!”

அந்தக் குரலுக்குச் சடையங்குப்பமே கட்டுப்பட்டிருக்கவேண்டும். “தெறந்துகிச்சிண்ணே!” என்று மொஹ்சின் துள்ளினான். துள்ளிய வேகத்திலேயே பெயர் கேட்கும் கதவையும் கழற்றி எறிந்தான். ஜெரால்ட் தடுக்கவில்லை.

கடை போன் மறுபடி அடித்தது. மொஹ்சின் எடுத்துக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது. “கமிட்டி அல்லாத்தையும் பாத்துட்டாங்களாம். வெல நம்மளுதுதான் கம்மியாம். ஜாக்கெட்டு, கயிறு ரெண்டும் நம்ம கடையிலதானாம்!”

ஜெரால்ட் பெருமூச்சு விட்டான். ஆனாலும் புத்தி போகுமா? செல்போனை மறுபடி காதில் வைத்தான்.

“யம்மா, உண்மையச் சொல்லு. ஒங்களுக்கு என்கிட்ட இன்னா வேணும்?”

“ஒண்ணும் வாணாமே.”

“ஒண்ணும் வாங்காம, ஒண்ணும் கேக்காம, அல்லாரும் கரீட்டா ஆறு மணிக்கு எதுக்கு வரீங்க?”

மறுமுனையில் கன்னியம்மா சிரித்தாள்.

“வெள்ளத்துல இடுப்பளவு தண்ணில கயிறும் ஜாக்கெட்டும் சொமந்துகினு வந்து எங்கள இஸ்துகினு போனியே, அன்னிக்கி ஒருத்தரு பேரயும் நீ கேக்கல நைனா, அதான் நீ கடை தெறக்கற நேரத்துக்கு அல்லாரும் ஒண்ணா வந்து, தெனமும் ஒனக்குப் போணி பண்ணிட்டுப் போறோம்.”