மருவுக்கு வைத்த வேட்டு

இனி எந்த டாக்டரும் என் கழுத்தைத் தொடக் கூடாது என்று சபதம் எடுத்தேன். காரணம், கழுத்தில் முளைத்த ஒரு மரு. அது மிளகு அளவுதான். என் பயம்தான் பூசணிக்காய் அளவு.

பெங்களூர் போகும் ரயிலில் சட்டைக் காலர் உரசும்போதெல்லாம், "இது அதுவாக இருக்குமோ?" என்று கை தானாக அங்கே போகும். அந்த வியாதியின் பெயரை மனசுக்குள்கூடச் சொல்ல மாட்டேன். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, பாறைக்கு வேட்டு வைத்தவர். நான் ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் இறங்குகிறவன்.

"மைசூர் மைன்ஸ் ஆஸ்பத்திரிக்குச் சனிக்கிழமையான தோல் டாக்டர் வர்றாங்க. காட்டலாம் வாங்க" என்றாள் என் மனைவி பியாட்ரிஸ்.

"மருவுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?"

"மருத்துவருங்கற பேர்லயே மரு கீது. அவங்களுக்குத் தெரியாதா?"

"கத்தி வெப்பாங்கடி! பக்கத்து வூட்டு ராஜப்பா சொல்லிட்டாரு. சுண்ணாம்பும் சலவை சோடாவும் கொழைச்சு வெச்சா தானா வுழுந்துடுமாம்."

"கூடவே தோலும் வெந்து வுழும். ராஜப்பா இன்னா தோல் டாக்டரா? தோல் செருப்புகூடப் போடாத ஆளு!"

நான் கேட்பேனா? வெள்ளிக்கிழமை ராத்திரியே கலவையைக் குழைத்து டப்பாவில் போட்டு, சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை, லீவு. அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, "ஏசப்பா!" என்று கண்ணை மூடி அப்பினேன்.

சில்லென்றது. அப்புறம் சுட்டது. அப்புறம் எரிந்தது. கழுத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன்.

"பியாட்ரிஸ்! வேவுதுடி! டாக்டர்கிட்ட இட்டுக்கினு போ!"

"கையால தொடாதீங்க, வெந்துடும்!"

ஆட்டோ பிடிக்கக்கூடப் பொறுமையில்லை. லுங்கியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பின்னாலேயே அவள், கையில் என் சட்டையோடு.

டாக்டரம்மா பஞ்சால் துடைத்தார். முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

"என்னம்மா இது, இட்லி மாவா?"

"ஆமாங்க டாக்டர். இவரு ஒளிச்சு வெச்ச சுண்ணாம்பைக் காலையிலயே கொட்டிட்டு, டப்பால மாவை வெச்சுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. தோல் புண்ணாகியிருக்கும்." லென்ஸ் வைத்து மருவைப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "சாதாரண மருதான். அப்படியே விட்டாலும் ஒண்ணும் ஆகாது. பெரிசானா, நிறம் மாறினா, ரத்தம் கசிஞ்சா வாங்க. நீங்களா எதையும் தடவாதீங்க."

போன உயிர் வந்தது. கூடவே வீரமும் வந்தது. மனைவியை முறைத்தேன்.

"இதுக்கு இன்னாத்துக்கு இந்த நாடகம்? ஒழுங்கா கூப்பிட்டிருந்தா நடந்து வந்திருப்பேன்ல?"

"வாராவாரம் டோக்கன் போட்டுட்டுதாங்க கூப்பிட்டேன். நீங்க நடந்து வரல. அதான் ஓடி வர வெச்சேன்."